ஒரே ஆணியில் இரண்டு வில்லைகள்

ஜன்னலோரம் வேண்டுமானால் நீங்களே உட்காருங்கள் அம்மா. எனக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை. இந்த மாரிக்குப்பம் ரயிலில் இருபத்திரண்டு வருடமாகப் போய் வருகிறேன். எந்த இடத்தில் எந்தச் சக்கரம் கிரீச்சிடும் என்பதுகூட எனக்குத் தெரியும். பங்காருப்பேட்டை போய்ச் சேர முப்பத்தைந்து நிமிடம் ஆகும். அங்கே பெங்களூர் வண்டி மாற வேண்டும். நீங்களும் பெங்களூர்தானா? நல்லது.

இந்தப் பொட்டலத்தைப் பார்க்கிறீர்கள். ஸ்வெட்டர்தான். இரண்டு நாளில் பின்னினேன். கழுத்துப் பக்கம் ஒரு வரிசை பிசகியது. அதைப் பிரித்து மறுபடியும் பின்னினேன். பட்டாளத்திலேயே ஸ்வெட்டர் கொடுப்பார்கள் என்று வீட்டில் அவர் சொல்கிறார். கொடுப்பார்கள், கழுத்து சரியாக இருக்குமா?

என் பெயர் சுகிர்தம். கம்பெனிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தங்கச் சுரங்கத்து லைன் வீடுகளில் பிறந்து வேலூருக்குப் போய் இன்டர்மீடியட் வரை படித்தவள். அந்தக் காலத்தில் எங்கள் லைனில் அப்படி நான் ஒருத்தி. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, விவரத்துக்காகச் சொல்கிறேன். விவரம் என்றால் எனக்குச் சரியாக இருக்க வேண்டும். பொய் என்பது என் வாயில் வராது. லைனில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இதையேதான் சொல்வார்கள். சிலர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

என் கணவர் பெயர் ஆசீர்வாதம். இருபது வருடத்துக்கு முன்னால் அவர் எனக்குச் சொல்லாமல் பட்டாளத்துக்குப் போனார். போனதில் எனக்கு வருத்தம் இல்லை. போய்த்தான் அவர் பிழைத்தார் என்றுகூடச் சொல்லலாம். சொல்லாமல் போனாரே, அதுதான். அதற்கு இன்றுவரை அவரிடமிருந்து ஒரு நேரான பதில் வரவில்லை. கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

முதலில் வில்லை சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் ஒன்றும் விளங்காது. ஷாஃப்ட் என்கிற குழி வழியாகச் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பித்தளை வில்லை உண்டு. டோக்கன் என்பார்கள். டைம் ஆபீசில் நீளமாக ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள். கீழே போகும்போது உங்கள் ஆணியிலிருந்து வில்லையை எடுத்துக்கொண்டு போவீர்கள். மேலே வந்ததும் திரும்ப மாட்டுவீர்கள். ஆணியில் வில்லை இருந்தால் ஆள் மேலே. ஆணி காலியாக இருந்தால் ஆள் கீழே. அவ்வளவுதான். ஆளைத் தேட வேண்டாம், பலகையைப் பார்த்தால் போதும். எவ்வளவு ஒழுங்கான ஏற்பாடு! அவருடைய எண் அறுநூற்றுப் பதினெட்டு.

கல்யாணம் ஆகி அவர் வீட்டுக்குப் போன முதல் மாதத்திலேயே அதைப்போல ஒன்றை நான் வீட்டில் செய்தேன். கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை. பால் பவுடர் டப்பா மூடியை வட்டமாக வெட்டி மூன்று வில்லைகள். மாமியார் ஒன்று, அவர் இரண்டு, நான் மூன்று. வெளியே போகிறவர் எடுத்துக்கொண்டு போக வேண்டும், வந்ததும் மாட்ட வேண்டும். ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். ஒழுங்குக்காகத்தான். வேறென்ன காரணம் இருக்க முடியும்?

என் மாமியார் சந்தோசம்மாளுக்கு இது பிடிக்கவில்லை. திருப்பத்தூர்ப் பக்கம் மழை பொய்த்த வருடத்தில், கைக்குழந்தையும் ஒரு மூட்டையுமாகப் புருஷனோடு இங்கே பிழைக்க வந்தவர். வந்த மூன்றாம் வருடம் அந்தப் புருஷன் கீழே போனார், வரவில்லை. "அந்த மனுசன் ஆணி ரொம்ப நாளு காலியாவே கெடந்துச்சு, நான் தெனம் போய்ப் பார்ப்பேன்" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். என் பலகையைப் பார்த்ததும், "இன்னாடி இது, வூட்டுக்குள்ளயே ஷாஃப்ட் வெட்டிட்டியா? கொழாயடிக்குப் போறதுக்கும் டோக்கனா?" என்றார். ஆனாலும் குழாயடிக்குப் போகும்போது முந்தானையில் முடிந்துகொண்டுதான் போவார்.

என் கணவரும் எடுத்துப் போவார். "உத்தரவு டீச்சர்" என்று ஒரு சலாம் போட்டுவிட்டு எடுப்பார். கேலிதான். ஆனால் ஒரு நாள்கூட மறந்ததில்லை. ஒரு நாள்கூட. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் இடையில் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் ஒரு சனிக்கிழமை அவர் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டு ஃபுட்பால் மேட்ச் பார்க்கப் போய்விட்டார். டைம் ஆபீஸ் கிளார்க் வெங்கோப ராவ் விசாரிக்க வந்தார். நல்ல மனிதர், காதில் எப்போதும் ஒரு பென்சில்.

"ஆசீர்வாதத்துக்குக் காய்ச்சலாமே, எப்படி இருக்கு டீச்சரம்மா?"

"காய்ச்சல் இல்லை. ஃபுட்பால் பார்க்கப் போயிருக்கிறார். இரண்டாம் எண் வில்லை பலகையில் இல்லை, பாருங்கள்" என்றேன்.

ராவ் பலகையைப் பார்த்தார். பிறகு, "நாற்பது லைன் சுத்தியிருக்கேன் தாயே, இப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லை" என்றார். என் கணவரை ஒரு வாரம் சம்பளமில்லாமல் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவர் நண்பர் எத்திராஜ் ஒரு மாதம் என்னைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் நடந்தார். உண்மையைத்தானே சொன்னேன்? சரி, அதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை. ஞாபகம் வந்தது, சொன்னேன்.

இப்போது நாற்பத்திரண்டாம் வருடத்துக்கு வருகிறேன். சண்டை பலமாக நடந்துகொண்டிருந்தது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறவர்களின் லாரி மாதத்துக்கு ஒரு தடவை வரும். சுரங்கத்து ஆள் என்றால் அவர்களுக்கு உயிர். பாறையில் துளை போடவும் வெடி வைக்கவும் தெரிந்த ஆளைப் புதிதாகப் பழக்க வேண்டாமே. ஆனால் அதே காரணத்துக்காகத் துளை மிஷின் பிடிக்கிறவர்களைச் சுரங்கத்திலும் வேலையை விட்டுப் போக விடமாட்டார்கள். விடுதலைச் சீட்டு வேண்டும். கேட்டால் கிடைக்காது. என் கணவர் மிஷின்காரர்.

நான் அப்போது ஆறு மாத கர்ப்பிணி. ஒரு நாள் சாப்பிடும்போது அவர் சொன்னார். "டீச்சர், பிள்ளை பொறக்கறப்போ நான் மேலே இருக்கணும்."

"எந்த ஷிஃப்டில் பிறக்கும் என்று எப்படிச் சொல்ல முடியும்?" என்று கேட்டேன்.

மாமியார் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், எழுந்து போய்விட்டார். என் கணவர் கை கழுவப் போய்விட்டார். கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் பன்னிரண்டு, திங்கட்கிழமை. காலை ஷிஃப்ட். ஐந்தே காலுக்குக் கிளம்பினார். அன்று சலாம் போடவில்லை. என் தலையில் கையை வைத்துவிட்டு, "வரேன்" என்று மட்டும் சொன்னார். நான் அடுப்பு வேலையாக இருந்தேன், திரும்பிப் பார்க்கவில்லை.

ஷிஃப்ட் முடிவது இரண்டு மணிக்கு. ஆட்களை ஏற்றி இறக்குகிற கூண்டு மேலே வந்து எல்லோரும் கலைய இரண்டேகால் ஆகும், அடுத்த ஷிஃப்ட் மூன்று மணிக்குத்தான் இறங்கும். அன்று இரண்டு மணி இருபது நிமிடத்துக்குப் பூமி ஒரு தடவை உதறியது. எங்கள் ஊரில் அது சகஜம். ஆழத்தில் பாறை வெடித்து நொறுங்கினால் மேலே பாத்திரமெல்லாம் கிலுங்கும். விழுந்ததை எடுத்து அடுக்கிவிட்டு வேலையைப் பார்ப்போம். ஆனால் அன்று சங்கு ஊதியது. நிற்காமல் ஊதியது. நிற்காமல் ஊதினால் அர்த்தம் வேறு.

பள்ளிக்கூடத்திலிருந்து நான் வீட்டுக்கு வந்து நுழைந்ததும் எத்திராஜின் மனைவி ஓடி வந்தாள். "அக்கா, எல்லாரும் மேலே வந்துட்டாங்க. ஒரே ஒரு ஆணிதான் காலி." எந்த ஆணி என்று அவள் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "எங்க வூட்டுக்காரரு, இன்னும் அஞ்சு பேரு கீழே எறங்கித் தேடப் போறாங்க. பாறை இன்னும் நிக்கலையாம், கொட்டிக்கினே கீதாம்" என்று சொல்லி அவள் உட்கார்ந்து அழுதாள். எனக்காக அழுகிறாளா, அவளுக்காக அழுகிறாளா என்று கேட்கிற நேரமில்லை அது.

நான் அப்போதுதான் பலகையைப் பார்த்தேன்.

இரண்டாம் எண் வில்லை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

யோசித்துப் பாருங்கள் அம்மா. சுரங்கத்துப் பலகைப்படி என் கணவர் பூமிக்கு அடியில். என் பலகைப்படி அவர் வீட்டில். இரண்டு பலகையும் சரியாக இருக்க முடியாது. என் பலகை இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்புச் சொன்னதில்லை.

"மறந்துட்டுப் போயிட்டாரு அக்கா" என்றாள் அவள்.

"அவர் மறக்கமாட்டார்" என்றேன். சொல்லிவிட்டு மாமியாரைத் தேடினேன். வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்மேல் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன். "அத்தை, அவர் எங்கே?"

"லாரிடீ" என்றார். "பட்டாளத்து லாரி. ரெண்டரைக்குக் கெளம்புது, கரிக் கொட்டகைகிட்ட. நல்ல சட்டை ஒண்ணு, உன் போட்டோ ஒண்ணு மூட்டை கட்டி நாயர் கடையில குட்த்து வெச்சேன். மேலே வந்து எட்த்துக்கினு போறேன்னான். வந்தானா, வரலையா, எனக்கு இன்னாடி தெரியும்? ஐயோ, இவங்கப்பனுக்கு ஒக்காந்த மாதிரியே ஒக்காந்திருக்கேன்டீ..."

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்க வாய் வந்தது. ஆனால் முதலில் முதல் வேலை. நாயர் கடை ஷாஃப்டுக்குப் போகிற வழியில் இருந்தது. ஆறு மாத வயிற்றோடு நான் அன்று நடந்ததைப்போல் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை.

"நாயர், என் மாமியார் கொடுத்த மூட்டை எங்கே?"

நாயர் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. "எந்த மூட்டை டீச்சரே?"

"நாயர்!"

அவர் குவளையைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு பத்துக்கு வந்து எடுத்தான். டீ போட்டேன், குடிக்கல்லே. ஓடிப் போய் லாரியில ஏறினான். ஆனா டீச்சரே, ஆபீசில இருந்து கேட்டா நான் ஒண்ணும் பார்த்திட்டில்லா. இப்பச் சொன்னா பங்காருப்பேட்டையில லாரியை மறிச்சு இறக்கிடுவாங்க. நீங்க உண்மை பேசற ஆளு, அதான் பயமா இருக்கு."

ஆக, அவர் மேலே வந்துவிட்டார். லாரி கிளம்பிவிடுமோ என்ற அவசரத்தில் வில்லையை மாட்டாமல், சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார். சுரங்கத்தில் வேலை செய்கிற ஒருவன் செய்யக்கூடாத ஒரே தவறு அது. அந்த ஒரு பித்தளைத் துண்டுக்காக ஆறு பேர் கொட்டிக்கொண்டிருக்கிற பாறைக்கு அடியில் இறங்கப் போகிறார்கள்.

ஷாஃப்ட் வாசலில் கூட்டமான கூட்டம். எனக்கு வழி விட்டார்கள். கூண்டின் கதவு திறந்திருந்தது. எத்திராஜ் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நின்றார். ஒரு மாதம் என்னைப் பார்க்காமல் போனவர், அன்று நேராகப் பார்த்து, "தங்கச்சி, நீ வூட்டுக்குப் போ. அவன் இல்லாம நான் மேலே வரமாட்டேன்" என்றார். நாலு குழந்தைகளுக்குத் தகப்பன்.

ராவ் பலகையின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். எழுநூறு ஆணியில் வில்லை, ஒன்றில் இல்லை. காதில் பென்சில் இல்லை, கையில் இருந்தது.

லாரியில் போகிறார் என்று சொன்னால் அவர் பங்காருப்பேட்டையில் இறக்கப்பட்டு நாளைக்கே மறுபடியும் கீழே போவார். ஒன்றும் சொல்லாமல் நின்றால் எத்திராஜ் இப்போதே கீழே போவார். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நீங்கள் பொய் சொல்லியிருப்பீர்கள். தப்பாக நினைக்காதீர்கள், எல்லோரும் அப்படித்தான். நான் என்ன சொன்னேன் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள்.

"ராவ் சார், யாரும் இறங்க வேண்டாம். அவர் வீட்டில் இருக்கிறார்."

ராவ் பலகையை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"வீட்டிலா? நீங்க பார்த்தீங்களா டீச்சரம்மா?"

"பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்."

"அப்போ டோக்கன்?"

"டோக்கன் அவரிடமே இருக்கிறது. மாட்ட மறந்துவிட்டார்."

இதில் எது பொய்? எல்லாவற்றையும் நான் என் வீட்டுப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். இருபது வருடமாக யோசித்துப் பார்க்கிறேன், ஒரு சொல் பிசகவில்லை.

ராவ் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். நான் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டேன். அது கர்ப்பத்தினால். பிறகு அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "வேற யாராவது சொல்லியிருந்தா வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பார்த்திருப்பேன். இந்தம்மா ஃபுட்பால் மேட்ச்சுக்குச் சொந்தப் புருஷனையே காட்டிக் குடுத்தவங்க. எத்திராஜ், கயித்தை அவிழு" என்றார்.

கூண்டின் கதவை மூடினார்கள். மூடின சில நிமிடத்தில் பூமி இன்னொரு தடவை உதறியது. முதல் தடவையைவிடப் பலமாக. எத்திராஜ் கயிற்றைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை ராவ் வீட்டுக்கு வந்தார். நான் பலகையைக் காட்டினேன். இரண்டாம் எண்ணைப் பார்த்தார். உள்ளே என் கணவர் இல்லை என்பதையும் பார்த்தார். அதற்குள் லாரி பெங்களூர் சேர்ந்து ஒரு ராத்திரி ஆகிவிட்டது. காதிலிருந்து பென்சிலை எடுத்தார், திரும்பக் காதிலேயே வைத்துக்கொண்டார். "ஏற்பாடு ஒழுங்காத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். என் பலகையைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் அவர்தான்.

என் கணவரிடமிருந்து கடிதம் வந்தது. பெங்களூரிலிருந்து, பிறகு அஸ்ஸாமிலிருந்து. மலையை வெடிவைத்து உடைத்துப் பாதை போடுகிறார்களாம். "வானத்தைப் பார்த்துக்கொண்டே பாறை உடைக்கிறேன் டீச்சர்" என்று எழுதியிருந்தார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று எழுதிக் கேட்டேன். "ஃபுட்பால் மேட்ச்சை நினைத்துக்கொள்" என்று ஒரு வரி பதில் வந்தது. ஃபுட்பாலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பட்டாளத்துக் கடிதங்களில் தணிக்கை உண்டு. நடுவில் எதையோ அடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஜனவரியில் ஜெயசீலன் பிறந்தான். அவனுக்கு நான்காம் எண் வில்லை வெட்டினேன். இரண்டாம் எண்ணை யாரையும் தொட விடவில்லை. எடுத்தவர்தான் மாட்ட வேண்டும், மாட்டியவர்தான் எடுக்க வேண்டும், அது விதி. சனிக்கிழமை தோறும் புளி போட்டுத் தேய்ப்பேன், ஆணியிலிருந்து கழற்றாமலே. தகரத்துக்கு எதற்குடி புளி என்று மாமியார் கேட்பார். ஆனால் நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது அவரும் தேய்ப்பார். எண் அழிந்து வந்ததை வைத்துக் கண்டுபிடித்தேன். மூன்று தடவை எண்ணைப் புதிதாகக் குத்த வேண்டியிருந்தது.

நாற்பத்தாறு மார்ச் பதினெட்டு, அதுவும் திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு என் கணவர் வாசலில் வந்து நின்றார். கறுத்து, இளைத்து, பூட்ஸ் போட்டுக்கொண்டு. மாமியார் கத்தின கத்தலில் லைனே கூடிவிட்டது. அவர் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் பலகைக்கு வந்தார். அவருடைய வில்லை அங்கேயே தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் கையை விட்டு அந்தப் பித்தளை வில்லையை எடுத்தார். அறுநூற்றுப் பதினெட்டு. ஓரமெல்லாம் தேய்ந்து பளபளத்தது. அதை அந்தத் தகர வில்லைக்கு மேலேயே மாட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மூன்று வருடம், ஐந்து மாதம், ஆறு நாள் கழித்து நான் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"ஒரே ஆணியில் இரண்டு வில்லை மாட்டக்கூடாது."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. அடுப்பில் ஈர விறகு.

அன்றே அவரை டைம் ஆபீசுக்கு அழைத்துக்கொண்டு போய் அந்த வில்லையை ஒப்படைக்கச் சொன்னேன். ராவ் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "ஆசீர்வாதம், ரொம்ப நேரம் கீழே இருந்துட்டே" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. மேலேயே வொர்க்‌ஷாப்பில் ஒரு வேலைக்குச் சொல்லிவிட்டார். இன்றுவரை அதே வொர்க்‌ஷாப். என் மாமியார் கண் மூடும்போது மகன் பக்கத்தில் இருந்தார், மேலே.

அதோ, சிக்னல். பங்காருப்பேட்டை வந்துவிட்டது. உங்கள் பையை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்வெட்டர் யாருக்கு என்று கேட்கிறீர்கள், சொல்ல விட்டுப்போயிற்று. என் மகன் ஜெயசீலனுக்கு. வருகிற ஜனவரியில் இருபது முடிகிறது. கல்லூரியில் இரண்டாம் வருடம். இந்தச் சீனாச் சண்டை வந்ததிலிருந்து பேப்பரும் கையுமாக இருந்தான். போன செவ்வாய்க்கிழமை காலை எழுந்து பார்க்கிறேன், நான்காம் எண் வில்லை ஆணியில் இருக்கிறது, செருப்பு வாசலில் இல்லை. பட்டாளத்துக்குத்தான் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனுடைய அப்பா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு இட்லி சாப்பிட்டார். எத்தனை வைத்தாலும் நிமிராமல் சாப்பிட்டார். அவருக்குத் தெரியும். என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் ஏன் சொல்வதில்லை? நீங்கள் தீர்ப்புச் சொல்வதாக இருந்தீர்கள்.

அவனைத் திருப்பி அழைத்து வரப் போகவில்லை அம்மா. கழுத்து அளவு சரிதானா என்று போட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சாயங்கால வண்டிக்கு நான் திரும்ப வேண்டும். இதோ பாருங்கள் பையில், மூன்றாம் எண், என்னுடைய வில்லை. நான் போய் இதை மாட்டும்வரை வீட்டில் அவர் சாப்பிடமாட்டார்.

நேற்றுக் கல்லூரியிலிருந்து ஆள் வந்தார். ஒரு வாரமாக மகன் வரவில்லையே, படிப்பை விட்டு எங்கேயாவது போய்விட்டானா, பிரின்சிபால் கேட்கச் சொன்னார் என்றார்.

நான் திரும்பிப் பலகையைப் பார்த்தேன்.

"வீட்டில்தான் இருக்கிறான்" என்று சொன்னேன்.